மத்தியானம் வந்து போகிறவள்

கர்னலை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அஸ்தினாபுரத்து வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான்.

கர்னல் ஒரு நாய். ஒரு காது நின்றும் ஒரு காது மடிந்தும் இருக்கும் பழுப்பு நிறத் தெரு நாய். ஹெப்சியின் மாமனார் ஏசுதாசன் அதைக் குட்டியாக எடுத்து வந்து, பட்டாளத்துப் பெயரும் வைத்து வளர்த்தார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கர்னலுக்கும் வயதாகிவிட்டது. நடுவில் வலிப்பு வேறு வந்து, காலையும் மாலையும் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. வேற்று ஆள் கேட்டைத் தொட்டாலே தெருவைக் கூட்டிவிடும் குணம் மட்டும் மாறவில்லை.

ஹெப்சி வேலை பார்த்த பள்ளிக்கூடம் காலாண்டு விடுமுறைக்காக நேற்றோடு மூடியிருந்தது. நாளைக் காலை ரயில். கோவையில் படிக்கும் மகள் நிஷாவையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போவதாக ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து தள்ளிக்கொண்டே வந்த பயணம்.

நாயை விடுவதற்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு இடத்தை போனிலேயே பேசி முடித்திருந்தான் அவள் கணவன் ஆபேல்.

"நேர்ல பார்க்காம எப்படிங்க விடறது?" என்றாள் ஹெப்சி, காலையில் அவனுக்கு டிபன் கட்டிக்கொண்டே.

"ரிவ்யூ எல்லாம் நல்லாத்தானே போட்டிருக்காங்க?"

"அதை நாயா எழுதுச்சு?"

ஆபேல் சிரித்துக்கொண்டே தாம்பரத்துக்கு, இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். ஹெப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நன்மங்கலம் வழியாகக் கோவிலம்பாக்கம் போனாள்.

போனில் பார்த்த படத்தில் பச்சைப் புல்தரை இருந்தது. நேரில் அது பிளாஸ்டிக் விரிப்பு. மாடி வீடு ஒன்றின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கதவு சாத்தியிருந்தது. பினாயில் வாடை மூக்கில் ஏறியது.

"வாங்க மேடம், வாங்க!" இடத்தை நடத்தும் கார்த்தி ஓடி வந்து நாற்காலி போட்டான். சின்ன வயசுக்காரன். வாய் நிறையச் சிரிப்பு. "நம்ம இடத்துக்கு வந்தா நாய்ங்க திரும்பிப் போவவே மாட்டேங்குது மேடம்!"

"இப்போ எத்தனை நாய் இருக்கு?"

"லீவு சீசன் இல்லியா? ஃபுல்லு. பதினஞ்சு பக்கம் இருக்கும்."

பதினைந்து நாய். புது ஆள் ஒருத்தி கேட்டைத் திறந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. 

"சத்தமே இல்லையே?"

"எல்லாம் ட்ரெயினிங் மேடம்."

"உள்ள போய்ப் பார்க்கலாமா?"

"வெளியாளைப் பார்த்தா டிஸ்டர்ப் ஆவும். நான் தெனமும் வீடியோ அனுப்பறேன், நீங்க ஊட்டியில ஜாலியா இருங்க."

அந்த நேரம் பார்த்து, உள்ளே வேலை செய்யும் ஆள் வாளியோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். ஹெப்சி எழுந்து இரண்டு எட்டு வைத்து எட்டிப் பார்த்தாள். வரிசையாகக் கூண்டுகள். எல்லாம் படுத்துக் கிடந்தன. முன்னால் இருந்த வெள்ளைச் சடை நாய் மட்டும் இவளைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. தூக்கிய தலையை நிறுத்த முடியாமல், கழுத்து துவண்டு, மறுபடியும் தரையில் போட்டுக்கொண்டது.

"அதுக்கு என்ன உடம்பு?"

"தூக்கம் மேடம்."

"இந்தக் காலை வேளையிலயா?"

கார்த்தி பின்தலையைச் சொறிந்தான். "புதுசா வர்றது அழுதுகினே இருக்கும். பக்கத்து வூட்டுக்காரங்க ஒரே பேஜார் பண்றாங்க. அதான் லைட்டா ஒண்ணு குடுப்போம். ஒண்ணும் ஆவாது."

"எங்க நாய் வலிப்பு மாத்திரை சாப்பிடுது."

"அப்போ இன்னும் நல்லாத் தூங்கும்!" என்றான் கார்த்தி உற்சாகமாக.

ஹெப்சி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கர்னல் வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. அதன் தலையைப் பிடித்துக்கொண்டே ஆபேலுக்கு போன் போட்டாள்.

"வேண்டாங்க அந்த இடம். மருந்து குடுத்துப் படுக்க வைக்கிறான். உயிரோட திரும்பி வராது."

"நாளைக்கு ரயில், ஹெப்சி!"

"நீங்களும் நிஷாவும் போயிட்டு வாங்க. நான் இருந்துக்கறேன்."

"அதெப்படி? இரு, இரு. நான் ஏதாவது பண்றேன்."

அவன் என்ன பண்ணினான் என்பது சோறு வடிக்கும் நேரத்தில் தெரிந்தது. போன் அடித்தது. திரையில் டெபோரா என்று பெயர் வந்தபோது, ஹெப்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டெபோரா ஆபேலின் தங்கை. மாமனாரை அடக்கம் செய்த மறுநாள்தான் அவளுக்கும் ஹெப்சிக்கும் முறிந்தது. அன்று கர்னல், கிழவரின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. சின்ன வயதில் கடிபட்டதிலிருந்து டெபோராவுக்கு நாய் என்றால் நடுக்கம். "அப்பாவே போயாச்சு, இது எதுக்கு? எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள். "மாமா இருந்தப்ப நீ எத்தனை தடவை வந்து பார்த்தே?" என்று ஹெப்சியும் கேட்டுவிட்டாள். அன்றோடு டெபோரா இந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்வதோடு சரி.

"அண்ணி, நான் டெபோரா."

"சொல்லு."

"அண்ணன் சொன்னான். நீங்க ஊருக்குப் போங்க. கர்னலை நான் பார்த்துக்கறேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கேயே வந்து இருக்கேன்."

ஹெப்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நீயா? நாயையா?"

"ஏன், பார்த்துக்க மாட்டேனா?"

பின்னால் ஏதோ பெரிய குரல் இரைந்தது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று அறிவிப்பு. தொடர்ந்து ரயிலின் ஊதல்.

"ஆபீஸ்ல இல்லையா டெபோரா?"

"வெளிய ஒரு வேலையா வந்தேன். சாயங்காலம் வரேன் அண்ணி." போன் வைக்கப்பட்டுவிட்டது.

நாயைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பவள், நாய்க்காக வந்து தங்குகிறேன் என்கிறாள். பொழிச்சலூரில் சொந்த பிளாட், கணவன் ஃபிரெடி, கிண்டியில் நல்ல வேலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வீட்டில் அவளுக்கு என்ன வேண்டும்? நாங்கள் யாரும் இல்லாத வீட்டில்?

சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "மீனே! சங்கரா, மத்தி, வஞ்சிரம்!"

கர்னல் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. குரைக்கவில்லை, ஓடியது. ஹெப்சி பின்னால் போனாள். அலுமினியக் கூடையை இடுப்பில் இறக்கிப் பிடித்தபடி ஒரு நடுவயதுப் பெண் நின்றிருந்தாள். கோவளத்துப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் செல்வம்மாள். மத்தியான வேளையில் வீட்டில் இருந்தால்தானே ஹெப்சிக்கு அவளைத் தெரியும்?

"அம்மா இல்லீங்களா?" என்றாள் செல்வம்மாள்.

"எந்த அம்மா?"

"இந்த வூட்டம்மாதான். கண்ணாடி போட்டுகினு, தோள்ல பை மாட்டிகினு வருவாங்களே. நாய்க்குன்னே மத்தி வாங்குவாங்க. முள்ளு எடுத்து வேக வெச்சுப் போடுவாங்களாம்." அவள் கம்பிக்குள் விரலை விட்டாள். கர்னல் அதை நக்கியது. "நீங்க யாரு, விருந்தாளியா?"

"இது என் வீடு."

செல்வம்மாளின் விரல் கம்பிக்குள்ளேயே நின்றது. ஹெப்சியை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அய்ய... நா ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு?" கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"நில்லுங்க. எத்தனை நாளா வர்றாங்க?"

"ஆடி மாசத்துலேர்ந்து பாக்கறேன். வாரத்துல நாலு நாளாவது வருவாங்க. மத்தியானம் வருவாங்க, சாயங்காலமா பூட்டிகினு போவாங்கன்னு நெனைக்கிறேன். சாவி அவங்க கையிலதான் கீது."

கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் வாய் கேட்டுவிட்டது. "கூட யாராவது வருவாங்களா? ஆம்பளை?"

"சாரெல்லாம் நா பாக்கலம்மா. மெய்யாலுமே பாக்கல." செல்வம்மாள் வேகமாக நடந்து தெருமுனையில் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் கூவும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஹெப்சி உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பீரோவைத் திறந்தாள். நகை இருந்தது. பட்டுப்புடவைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. எதுவும் போகவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எடுக்க வராதவள் எதற்கு வருகிறாள்?

சமையலறையில், சில நாள் சாயங்காலம் வந்து நுழையும்போது மீன் வாடை அடித்ததுண்டு. "பக்கத்து வீட்டுல ஏதோ" என்று ஆபேல்தான் சொல்லியிருக்கிறான். கர்னல் ராத்திரிச் சோற்றைத் தொடாமல் விட்டதுண்டு. "வயசாயிடுச்சு" என்றதும் ஆபேல்தான். சோபாவின் கீழே குனிந்து பார்த்தாள். சுவரோரம் ஒரு முடி கிளிப் கிடந்தது. ஆமை ஓடு போன்ற பழுப்புக் கிளிப். அவளுடையதில்லை. நிஷாவுடையதும் இல்லை.

தாம்பரத்திலிருந்து அஸ்தினாபுரம் ஒன்றும் பெரிய தூரமில்லை. சாப்பாட்டு வேளையில் பைக்கில் வந்து போகலாம்.

கிளிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"ஏங்க, நீங்க எப்பவாவது மத்தியானம் வீட்டுக்கு வருவீங்களா?"

"நானா?" மறுமுனையில் ஒரு இடைவெளி. "எதுக்கு வரப் போறேன்? ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"டெபோரா கூப்பிட்டாளா? வரட்டும், ஹெப்சி. அவளா இறங்கி வர்றா. பழசைக் கிளறாதே. எனக்குக் கொஞ்சம் லேட் ஆகும், ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்துடறேன்."

அந்த இடைவெளி அவளைக் குடைந்தது. சாதாரணமாக யோசித்தானா, பதில் தேடினானா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனின் ஒரு மூச்சை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாகவும் வந்தது. பாதி கட்டிய பெட்டி கட்டிலில் திறந்தே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட்டில் சத்தம்.

கர்னல் கூடத்திலிருந்து பாய்ந்து ஓடியது. ஹெப்சி ஜன்னல் வழியே பார்த்தாள். தோளில் பையும் கையில் ஒரு பெரிய சூட்கேசுமாக டெபோரா வந்துகொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். கண்ணாடி புதிது.

கர்னல் குரைக்கவில்லை. நேராகப் போய் அவள் இடுப்பில் முன்னங்கால்களைப் போட்டு, முனகி, முகத்தை எட்டி நக்கப் பார்த்தது. டெபோரா பதறவில்லை. பழக்கப்பட்ட கையாக அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். "இறங்குடா, இறங்குடா" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தாள். பார்த்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

ஹெப்சி கதவைத் திறந்தாள். கையிலிருந்த கிளிப்பை நீட்டினாள்.

டெபோரா அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை. அப்படியே செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா?" என்றாள் ஹெப்சி. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. "நாங்க இல்லாத வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா வந்துட்டுப் போறதுக்கு உனக்கு என்ன தலையெழுத்து? மத்தியானத்துலேர்ந்து நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? உங்க அண்ணனைச் சந்தேகப்பட்டேன், டெபோரா!"

"அண்ணனுக்குத் தெரியாது. சத்தியமா ஒண்ணும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா குடுத்த சாவி, என்கிட்டேயே இருந்துச்சு. பூட்டை நீங்க மாத்தவே இல்ல."

"எதுக்கு வந்தே? அதைச் சொல்லு."

"போறதுக்கு இடமில்ல அண்ணி."

ஹெப்சி படிக்கு இறங்கி வந்தாள்.

"வேலையை விட்டுட்டேன். ஜூலையில. ஃபிரெடிக்குச் சொல்லல. காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுக் கிளம்புவேன். பல்லாவரம் ஸ்டேஷன்ல கிண்டி ரயில் ஏறாம எதிர்ப்பக்கம் ஏறுவேன். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்குமா எத்தனை தடவைதான் போயிட்டு வர்றது? லேடீஸ் பெட்டியில தெரிஞ்ச முகமெல்லாம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருநாள் இங்க வந்து கேட்டாண்ட நின்னேன். இது குரைச்ச குரைப்புல ஓடிப் போயிட்டேன். மறுநாளும் வந்தேன். இந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன், ஜன்னல்ல அது, வெளிய நான். எத்தனையோ நாள் கழிச்சுத்தான் கதவைத் திறக்கத் தைரியம் வந்துச்சு."

கர்னல் வந்து அவள் மடியில் தாடையை வைத்தது.

"ஆகஸ்ட்ல ஒருநாள் இதுக்கு வலிப்பு வந்துச்சு. நான் மட்டும்தான் இருந்தேன். காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. உங்களுக்கு போன் பண்ணினா நான் இங்க இருக்கறது தெரிஞ்சுடும். தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே இருந்தேன். பண்ணியிருக்கணும், தெரியும். அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச்சு அண்ணி. அன்னிக்குத்தான் நான் அழுதேன். அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழல."

ஹெப்சிக்கு அந்த நாள் நினைவிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கர்னலின் தலை ஈரமாக இருந்தது. தண்ணீர்ச் சட்டியில் முகத்தை விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"வேலை போனதை ஃபிரெடிகிட்ட சொல்றதுக்கு என்ன? திட்டினா திட்டட்டுமே."

"போகல. நானா விட்டேன்."

"ஏன்?"

டெபோரா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழிச்சலூர்ப் பக்கம் இறங்கப்போகும் விமானம் ஒன்று தாழ்வாகக் கடந்து போனது. 

"எங்க மேனேஜர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அனந்தகிருஷ்ணன். ஃபிரெடியின் கல்லூரி நண்பன். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். டெபோராவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

"அவனா?" என்றாள் ஹெப்சி.

டெபோரா தலையை மட்டும் அசைத்தாள். "ஆபீஸ்ல அவன் என்கிட்ட நடந்துக்கிட்ட விதம் சரியில்ல. ஃபிரெடிக்கு அவன் கூடப்பிறந்தவன் மாதிரி. நான் சொன்னா யாரை நம்புவாருன்னு எனக்குத் தெரியல. நம்பலைன்னா அப்புறம் நான் அந்த வீட்டுல எப்படி இருக்கறது? அதான் சொல்லாமலே இருந்துட்டேன். நேத்தோட உங்க ஸ்கூலை மூடிட்டாங்க. இன்னிக்குப் போறதுக்கு இந்த இடமும் இல்லாம போச்சு. குரோம்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் போன் பண்ணி, நாயைப் பார்த்துக்க ஆள் கிடைக்கலன்னு சொன்னான்."

ஹெப்சியின் கண் அந்தப் பெரிய சூட்கேஸ் மேல் போனது. நாலைந்து நாளுக்குக் கட்டிய பெட்டி இல்லை அது. கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். மாத்திரை டப்பாவை எடுத்து வந்து டெபோராவின் கையில் வைத்தாள்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெல்லத்துல பொதிஞ்சு குடுத்தாத்தான் முழுங்கும். இல்லைன்னா துப்பிடும். எந்த நேரமானாலும் எனக்கு போன் பண்ணணும். நீ இங்க இருக்கறது தெரிஞ்சுடுமேன்னு இனிமே பயப்பட வேண்டாம்."

டெபோரா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்போ... நான் இருக்கலாமா அண்ணி?"

"வீடு உங்க அப்பாவோடது. உள்ள வா, முதல்ல எதையாவது சாப்பிடு."

மத்தியானம் வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தாள். டெபோரா பாதி சாப்பிட்டிருக்கும்போது ஹெப்சியின் போன் அடித்தது. ஃபிரெடி.

டெபோராவின் கை தட்டிலேயே நின்றது. ஹெப்சி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, டெபோரா அங்க இருக்காளா?" அவன் குரலில் மூச்சு வாங்கியது. கார் ஓட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கா. கர்னலைப் பார்த்துக்க வந்திருக்கா."

"அவளைக் கொஞ்சம் நம்பாதீங்க அக்கா. இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்கா. வேலையை விட்டு மூணு மாசம் ஆகுதாம். அனந்து இன்னிக்குத்தான் மனசு கேக்காம வந்து சொன்னான். எங்க போறா, யாரோட சுத்தறா, அவனுக்கே சந்தேகமா இருக்காம்."

அனந்தகிருஷ்ணன் முந்திக்கொண்டான். கேள்வியையும் அவனே போட்டு, சந்தேகத்தையும் அவனே ஊற்றி வைத்துவிட்டான். இன்று மத்தியானம் ஒரு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தான் நினைத்ததையெல்லாம் இப்போது ஃபிரெடி நினைத்துக்கொண்டிருக்கிறான். அது எப்படி அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஃபிரெடி, நான் சொல்றதைக் கேளுங்க. அவ எங்க போனா, யாரோட இருந்தான்னு எனக்குத் தெரியும். தப்பா ஒண்ணும் இல்ல. நீங்க இங்க வாங்க, அவ வாயாலயே கேளுங்க. ஆனா தனியா வாங்க."

"ஏன் தனியா?"

"தனியா வாங்கன்னு சொல்றேன்ல?"

லைன் அறுந்துவிட்டது. கேட்டானா, கேட்பதற்கு முன்பே வைத்துவிட்டானா, தெரியவில்லை. உடனே திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆபேலுக்கு அடித்தாள். "பைக்ல வந்துட்டிருக்கேன், ஹெப்சி. தாம்பரம் சானடோரியம் தாண்டிட்டேன்" என்றான் அவன்.

"சீக்கிரம் வாங்க" என்றாள்.

டெபோரா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டு ஹெப்சியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வந்ததும் நான் பேசவா அண்ணி, நீங்க பேசறீங்களா?"

"நீ பேசு. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

தெருவிளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. முனையில் ஒரு கார் திரும்பும் வெளிச்சம் கூடத்துச் சுவரில் ஏறி இறங்கியது. வீட்டு வாசலில் வந்து வண்டி நின்றது.

ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஹெப்சி காத்திருந்தாள்.

சற்றுப் பொறுத்து, காரின் மறுபக்கத்திலிருந்து இரண்டாவது கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டது.